நன்றியுணர்வும் உடல்நலமும்: கிறித்தவ மரபில் ஒரு வரலாறு

மகிழ்ச்சி, துயரம், கோபம், அச்சம், நன்றி முதலிய உணர்வுகள் உடலின் நலத்தையும் பாதிக்கின்றன என்னும் கருத்து கிறித்தவ மரபில் மிகப் பழமையானது. எபிரேய ஞான நூல்களில் தொடங்கி, எகிப்தின் பாலைநிலத் துறவியர், இடைக்கால இறையியலார், 18ஆம் நூற்றாண்டின் நற்செய்திப் பணியாளர்கள் எனப் பலர் வழியாக இக்கருத்து வளர்ந்து வந்துள்ளது. 20ஆம் நூற்றாண்டில் மருத்துவ ஆய்வாளர்களும் இதே பொருளை அளவிட்டுப் பார்க்கத் தொடங்கினர்.

இவ்வரலாற்றில் இரண்டு குரல்கள் தொடர்ந்து கேட்கின்றன. "நன்றியுள்ள உள்ளம் உடலுக்கு நல்லது" என்பது ஒன்று. "நோயுற்றவர் நன்றி குறைந்தவர் அல்லர்" என்பது மற்றொன்று. முதல் குரலை மட்டும் கேட்டு இரண்டாவதை மறந்த காலங்களில் நோயாளிகள் தேவையற்ற பழியைச் சுமந்திருக்கிறார்கள். எனவே இக்கட்டுரை இரண்டையும் சேர்த்தே கூறுகிறது.

திருமறையில் உள்ளமும் உடலும்

எபிரேயச் சிந்தனையில் உள்ளமும் உடலும் தனித்தனிப் பொருள்கள் அல்ல. மனிதர் ஒரே முழுமை. நீதிமொழிகள் நூல் மகிழ்ச்சியான உள்ளத்தை நல்ல மருந்துக்கு ஒப்பிடுகிறது. முறிந்த மனம் எலும்பையே உலர்த்திவிடும் என்கிறது (17:22). அதே நூல் பொறாமையை எலும்புருக்கியாகக் காட்டுகிறது (14:30). ஆழ்ந்த துயரத்தையும் நலத்தையும் எலும்போடு சேர்த்துப் பேசுவது அக்கால மக்களின் வழக்கம். "எலும்புவரை வலிக்கிறது" என்று நாமும் சொல்கிறோம் அல்லவா?

ஆனால் திருமறை மகிழ்ச்சியை மட்டும் கற்பிக்கும் நூல் அன்று. திருப்பாடல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல் பாடல்கள். யோபு நூலில் நோயும் இழப்பும் ஒரு நல்ல மனிதரைத் தாக்குகின்றன. "நீ தவறு செய்திருப்பாய்" என்று சொன்ன நண்பர்கள் இறுதியில் இறைவனால் கண்டிக்கப்படுகிறார்கள். இலாசரின் கல்லறை அருகே இயேசு அழுதார் என்று யோவான் நற்செய்தி பதிவு செய்கிறது.

பவுல் தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் மடலில் எல்லாச் சூழ்நிலைகளிலும் நன்றி செலுத்தும்படி கூறுகிறார் (5:18). இங்கு ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். கிரேக்க மூலத்தில் "எல்லாவற்றிலும்" என்றுதான் உள்ளது. "எல்லாவற்றிற்காகவும்" என்று இல்லை. புற்றுநோய்க்காக நன்றி சொல்வதும், புற்றுநோய் வந்த நிலையிலும் நன்றி சொல்லக் காரணம் காண்பதும் வெவ்வேறு. பிலிப்பியருக்கு எழுதிய மகிழ்ச்சி நிறைந்த மடலைப் பவுல் சிறையிலிருந்தே எழுதினார். தமக்கு இருந்த ஒரு துன்பம் நீங்குமாறு மும்முறை வேண்டியும் அது நீங்கவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

லூக்கா நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்தில் வரும் பத்துத் தொழுநோயாளர் நிகழ்ச்சி இப்பொருளுக்கு மிகவும் நெருக்கமானது. பத்துப் பேர் நலமடைந்தார்கள். ஒருவர் மட்டும் திரும்பி வந்து நன்றி சொன்னார். அவரும் யூதர்கள் விலக்கிவைத்த சமாரியர். மறையுரைகளில் மற்ற ஒன்பது பேரின் நன்றிகேடே பெரும்பாலும் பேசப்படுகிறது. ஆனால் அந்த ஒன்பது பேருக்கும் நோய் திரும்பி வந்ததாக லூக்கா எழுதவில்லை. அவர்களும் நலமாகவே சென்றார்கள். நன்றி என்பது குணமாவதற்குக் கொடுக்கும் விலை அன்று என்பதை இந்நிகழ்ச்சி அமைதியாகக் காட்டுகிறது.

தொடக்கத் திருச்சபை தன் மையமான வழிபாட்டுக்கே நன்றி என்ற பெயரைத்தான் வைத்தது. நற்கருணை விருந்தைக் குறிக்கும் "யூகாரிஸ்தியா" என்ற கிரேக்கச் சொல்லின் பொருள் நன்றி செலுத்துதல் என்பதாகும். நன்றி ஒருவரின் தனிப்பட்ட மனநிலையாக மட்டும் இல்லாமல், கூடி உண்ணும் சமூகச் செயலாகவும் இருந்தது.

பாலைநிலத் துறவியர்

4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைநிலத்தில் வாழ்ந்த துறவியர் மனித உணர்வுகளை மிகக் கூர்மையாகக் கவனித்தனர். அவர்களுள் 399இல் மறைந்த எவாக்ரியுஸ் என்பவர் மனிதரை அலைக்கழிக்கும் எட்டு எண்ணங்களைப் பட்டியலிட்டார். பெருந்தீனி, காமம், பேராசை, துயரம், சினம், சோர்வு, வீண்பெருமை, செருக்கு என்பன அவை. துயரமும் சோர்வும் இப்பட்டியலில் இடம்பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது.

சோர்வு என்பதை அவர்கள் வெறும் சோம்பலாகக் கருதவில்லை. நண்பகலில் வெயில் நகராமல் நிற்பதுபோலத் தோன்றுவதும், அறையில் இருப்புக் கொள்ளாமையும், யாராவது வருவார்களா என்று வாசலைப் பார்ப்பதும், செய்யும் பணியில் வெறுப்பும் அதன் அடையாளங்கள். இன்று மனச்சோர்வு பற்றிப் படிப்பவர்களுக்கு இவ்விளக்கம் பழக்கமானதாகவே தோன்றும். எவாக்ரியுஸின் கருத்துகளை யோவான் காசியன் மேற்குலகிற்குக் கொண்டு சென்றார். பின்னர் பெரிய கிரகோரியார் அப்பட்டியலை மாற்றியமைத்தார். அதிலிருந்தே தலையான பாவங்கள் ஏழு என்ற மரபு உருவானது. அம்மாற்றத்தில் ஓர் இழப்பும் நேர்ந்தது. துறவியர் கவனித்துக் குணப்படுத்த முயன்ற சோர்வு, பிற்காலத்தில் வெறும் சோம்பல் என்ற குற்றமாகச் சுருங்கிவிட்டது.

துயரத்திற்கு அக்குவினா தந்த ஐந்து மருந்துகள்

13ஆம் நூற்றாண்டின் இறையியலார் அக்குவினா தோமா தமது பெருநூலான இறையியல் தொகுப்பில் உணர்வுகளைப் பற்றி விரிவாக எழுதினார். உணர்வுகள் அனைத்தும் உள்ளத்தில் மட்டும் நிகழ்வன அல்ல, உடலிலும் மாற்றத்தை உண்டாக்குபவை என்பது அவர் கொள்கை. எல்லா உணர்வுகளிலும் உடலுக்கு மிகுந்த தீங்கு செய்வது துயரமே என்று அவர் முடிவு கூறினார். உயிரின் இயல்பான இயக்கத்தைத் துயரம் தடுத்து நிறுத்துகிறது என்பது அவர் தந்த காரணம்.

அடுத்து, துயரத்தைத் தணிக்கும் வழிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். அவை ஐந்து: மகிழ்ச்சி தரும் எதுவும், கண்ணீர், நண்பர்களின் பரிவு, உண்மையை ஆழ்ந்து சிந்தித்தல், உறக்கமும் குளியலும். கண்ணீர் இரண்டாவதாக வருவதையும், உறக்கமும் குளியலும் ஓர் இறையியல் நூலில் மதிப்புடன் இடம்பெறுவதையும் மாணவர்கள் கவனிக்கலாம். துயரத்தில் இருப்பவரிடம் "செபம் செய்" என்று மட்டும் சொல்லி அவர் நின்றுவிடவில்லை. அழவும், உறங்கவும், குளிக்கவும், நண்பரோடு பேசவும் இடம் கொடுத்தார்.

நன்றியைப் பற்றி அதே நூலின் வேறொரு பகுதியில் அக்குவினா எழுதினார். அங்கு நன்றி ஒரு நற்பண்பு. கொடுத்தவரின் அன்பை அறிதல், அதைச் சொல்லால் வெளிப்படுத்தல், இயன்றபோது திருப்பிச் செய்தல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே முழு நன்றி. உள்ளத்தில் தோன்றி மறையும் இனிய உணர்வை மட்டும் அவர் நன்றி என்று கொள்ளவில்லை.

இஞ்ஞாசியாரின் நாள் முடிவுச் சிந்தனை

இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சிகள் என்ற கையேட்டிற்கு 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்தார். அதில் ஒருவர் தம் வாழ்க்கையைத் தாமே ஆய்வு செய்யும் பயிற்சி ஒன்று உள்ளது. அதற்கு ஐந்து படிகள். முதற்படி, பெற்ற நன்மைகளுக்காக இறைவனுக்கு நன்றி கூறுவது. குற்றங்களை எண்ணிப் பார்ப்பது அதன் பின்னரே வருகிறது.

இவ்வரிசையில் ஆழ்ந்த அனுபவ அறிவு இருக்கிறது. தவறுகளிலிருந்து தொடங்குபவர் எளிதில் மனம் சோர்ந்துவிடுவார். பெற்றதை எண்ணித் தொடங்குபவருக்குத் தம் தவறுகளையும் அஞ்சாமல் பார்க்கும் வலிமை கிடைக்கிறது. ஏறக்குறைய நான்கரை நூற்றாண்டுகளுக்குப் பிறகு உளவியலாளர்கள் பரிந்துரைத்த நன்றிக் குறிப்பேட்டுப் பழக்கத்திற்கு இது மிக நெருக்கமானது.

ஐலன்பர்க் நகரில் ஒரு நன்றிப் பாடல்

நன்றி என்பது வசதியான வாழ்வின் விளைவு என்று எண்ணுவோருக்கு மார்ட்டின் ரிங்கார்ட்டின் வரலாறு விடையாகும். 1586இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் ஐலன்பர்க் நகரில் பிறந்த இவர், 1617 முதல் அதே நகரில் லூத்தரன் குருவாகப் பணியாற்றினார். அடுத்த ஆண்டே முப்பதாண்டுப் போர் மூண்டது. மதில் சூழ்ந்த நகரம் என்பதால் சுற்றுவட்டார அகதிகள் ஐலன்பர்க்கில் வந்து குவிந்தனர். நெருக்கடி நோயைக் கொண்டுவந்தது.

1637ஆம் ஆண்டின் கொள்ளைநோயில் நகரில் ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். மற்றக் குருக்கள் இறந்தும் வெளியேறியும் போக, ரிங்கார்ட் ஏறக்குறைய தனியாளாக நின்று நாள்தோறும் பலரை அடக்கம் செய்தார். அவர் அடக்கம் செய்தவர்களின் தொகை 4,000க்கு மேல் என்று கூறப்படுகிறது. அவர்களுள் அவருடைய மனைவியும் ஒருவர்.

உலகெங்கும் லூத்தரன் திருச்சபைகளில் இன்றும் பாடப்படும் புகழ்பெற்ற ஜெர்மானிய நன்றிப் பாடல் ஒன்று இவர் எழுதியது. வீட்டில் உணவு மேசையில் குடும்பமாகச் சொல்லும் நன்றி மன்றாட்டாகவே அது எழுதப்பட்டது. அந்த வீட்டின் மேசையில் ரொட்டி குறைந்துகொண்டே வந்த காலம் அது. ரிங்கார்ட்டின் நன்றி அவர் மனைவியைக் காப்பாற்றவில்லை. நகரின் நோயையும் நிறுத்தவில்லை. அப்படி நிறுத்தும் என்று அவர் யாருக்கும் வாக்களிக்கவும் இல்லை. அடக்கம் செய்ய வேண்டியவர்களை விட்டு ஓடாமல் மறுநாளும் பணிக்குச் செல்லும் வலிமை அவரிடம் இருந்தது என்பதே வரலாறு நமக்குச் சொல்வது. போர் முடிந்த மறு ஆண்டான 1649இல் அவர் காலமானார்.

வெஸ்லி கண்ட தாய்

மெதடிஸ்ட் இயக்கத்தின் தந்தை ஜான் வெஸ்லி ஆன்மிகப் பணியோடு மருத்துவத்திலும் ஈடுபாடு கொண்டிருந்தார். மருத்துவருக்குப் பணம் கொடுக்க இயலாத ஏழைகளுக்காக 1747இல் எளிய மருத்துவக் கையேடு ஒன்றை வெளியிட்டார். அவர் வாழ்நாளிலேயே அது இருபதுக்கு மேற்பட்ட பதிப்புகளைக் கண்டது. உணவு, உடற்பயிற்சி, உறக்கம் ஆகியவற்றோடு, மன உணர்வுகள் உடல்நலத்தில் பெரும்பாலோர் எண்ணுவதைவிட மிகுதியான செல்வாக்குச் செலுத்துகின்றன என்றும் அதன் முன்னுரையில் குறிப்பிட்டார். இறையன்பு உணர்வுகளை அளவோடு நிறுத்தி, அவற்றால் வரும் உடல் கோளாறுகளைத் தடுக்கிறது என்பது அவர் நம்பிக்கை.

1759 மே 12 அன்று அவர் தம் நாட்குறிப்பில் ஓர் ஏழைப் பெண்ணைப் பற்றி எழுதினார். அப்பெண்ணுக்கு ஓயாத வயிற்றுவலி. மருத்துவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மருந்து கொடுத்தும் பயனில்லை. வலியின் வேர் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவருடைய மகன் இறந்துவிட்டான். அந்தத் துயரம் அவரைத் தின்றுகொண்டிருந்தது. அத்துயரம் தொடரும்வரை மருந்து என்ன செய்யும் என்று வெஸ்லி கேட்டார்.

இந்நிகழ்ச்சியில் வெஸ்லி அந்தத் தாயைக் குறை கூறவில்லை. கேட்கத் தவறிய மருத்துவர்களையே கடிந்துகொண்டார். உணர்வு உடலைப் பாதிக்கும் என்ற அறிவு, நோயாளியின் கதையைக் கேட்பதற்கான காரணமாக அவருக்கு அமைந்தது. இதே நூற்றாண்டின் இறுதியில், 1796இல், வில்லியம் டியூக் என்பவரின் முயற்சியால் குவேக்கர் கிறித்தவர்கள் இங்கிலாந்தின் யார்க் நகரில் மனநோயாளருக்கான இல்லம் ஒன்றைத் திறந்தனர். அடியும் அச்சுறுத்தலும் வழக்கமாயிருந்த காலத்தில், அங்கு அன்பும் ஒழுங்கான வேலையும் தோட்டமும் நல்லுணவும் சிகிச்சையின் பகுதிகளாயின.

ஆய்வுக்கூடத்தில் உணர்வுகள்

உணர்வு உடலில் என்ன செய்கிறது என்பதை நேரில் காணும் வாய்ப்பு மருத்துவத்திற்கு ஒரு விபத்தின் வழியாகக் கிடைத்தது. 1822இல் அமெரிக்காவின் மெக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. காயம் ஆறிய பிறகும் இரைப்பைக்குள் பார்க்கக்கூடிய துளை ஒன்று மூடாமல் நின்றுவிட்டது. இராணுவ மருத்துவர் வில்லியம் போமன்ட் அத்துளை வழியாகப் பல ஆண்டுகள் செரிமானத்தைக் கவனித்தார். கோபமும் அச்சமும் ஏற்பட்டபோது இரைப்பையின் உட்சுவர் மாறுவதையும் கண்டு 1833இல் நூலாக வெளியிட்டார்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வால்டர் கேனன் எக்ஸ் கதிர் மூலம் பூனைகளின் செரிமானத்தை ஆராய்ந்தார். பூனை அஞ்சினாலோ சினந்தாலோ இரைப்பையின் அசைவு அப்படியே நின்றுவிட்டது. அமைதியடைந்ததும் மீண்டும் தொடங்கியது. அட்ரினலின் சுரப்பு, இதயத் துடிப்பு, இரத்தச் சர்க்கரை ஆகியவை ஆபத்து நேரத்தில் எவ்வாறு உயர்கின்றன என்பதை விளக்கும் அவர் நூல் 1915இல் வெளிவந்தது. தேர்வு நாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும் மாணவர்களை ஆசிரியர்களாகிய நாங்கள் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறோம். அது நடிப்பு அன்று. கேனன் கண்ட அதே உடலியல்தான்.

மான்ட்ரியாலில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே 1936இல் வெளியிட்ட சிறு கட்டுரை மன அழுத்தம் பற்றிய ஆய்வுக்கு வழி திறந்தது. ஆபத்து நேரத்தில் உதவும் சுரப்புகளே, ஆபத்து ஓயாமல் நீடிக்கும்போது உடலை நலிவடையச் செய்கின்றன. கார்ட்டிசால் நீண்ட காலம் உயர்ந்து நின்றால் உறக்கம், இரத்த அழுத்தம், நோய் எதிர்ப்பாற்றல் யாவும் பாதிக்கப்படும். செல்யே 1956இல் எழுதிய நூலில் பழிவாங்கும் உணர்வையும் நன்றியையும் எதிரெதிராக வைத்துப் பேசினார். முதலாவது மனிதரை மேலும் அழுத்தத்தில் தள்ளுகிறது. இரண்டாவது மனிதரிடையே பாதுகாப்பையும் நல்லெண்ணத்தையும் வளர்க்கிறது என்பது அவர் கருத்தின் சாரம்.

கன்னியர் ஆய்வு

உணர்வுக்கும் நீண்ட ஆயுளுக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய ஆய்வுகளுள் மிகவும் அறியப்பட்டது ஒரு கிறித்தவத் துறவு இல்லத்தின் பழைய காகிதங்களிலிருந்து பிறந்தது. நோத்ருதாம் பள்ளிக் கன்னியர் சபை 1833இல் ஜெர்மனியின் பவேரியாவில் தொடங்கப்பட்ட ஆசிரியத் துறவுச் சபை. 1847இல் அச்சபை அமெரிக்காவுக்கும் சென்றது. 1930 செப்டம்பர் 22 அன்று வட அமெரிக்கத் தலைமை அன்னை ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். ஒவ்வொரு கன்னியரும் தம் வாழ்க்கையை 200 முதல் 300 சொற்களில், ஒரே தாளில் எழுதித்தர வேண்டும் என்பது அதன் செய்தி. பிறந்த இடம், பெற்றோர், படித்த பள்ளி, துறவுக்கு ஈர்த்த காரணங்கள் ஆகியவற்றை இளம் கன்னியர் கையால் எழுதிக் கொடுத்தனர். தாள்கள் காப்பகத்தில் சேர்ந்தன.

1986இல் டேவிட் ஸ்னோடன் என்ற ஆய்வாளர் முதுமையையும் மறதிநோயையும் ஆராய இச்சபையை நாடினார். 75 வயதுக்கு மேற்பட்ட 678 கன்னியர் ஆண்டுதோறும் சோதனைக்கு உட்படவும், இறந்தபின் தம் மூளையை ஆய்வுக்குத் தரவும் ஒப்புக்கொண்டனர். ஆய்வாளருக்கு இவர்கள் மிகப் பொருத்தமானவர்கள். ஒரே வகை உணவு, வீடு, வேலை, மருத்துவ வசதி; புகைப்பழக்கம் இல்லை; திருமணமும் மகப்பேறும் இல்லை. வெளியுலகில் ஆயுளை மாற்றும் பல காரணங்கள் இங்கு ஏறத்தாழச் சமமாக இருந்தன.

டெபோரா டேனர், ஸ்னோடன், வாலஸ் ஃபிரீசன் ஆகியோர் 180 கன்னியரின் பழைய வாழ்க்கைக் குறிப்புகளை எடுத்து, அவற்றில் வரும் உணர்வுச் சொற்களைக் கணக்கிட்டனர். எழுதியபோது அக்கன்னியரின் சராசரி வயது 22. மகிழ்ச்சி, அன்பு, நம்பிக்கை, மனநிறைவு ஆகியவற்றோடு நன்றியும் கணக்கிடப்பட்ட உணர்வுகளுள் ஒன்று. 2001இல் வெளியான முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. நல்லுணர்வுகளை மிகக் குறைவாக வெளிப்படுத்திய கால்பங்கினருக்கு, மிகுதியாக வெளிப்படுத்திய கால்பங்கினரைவிட இறப்பு இடர் சுமார் 2.5 மடங்கு கூடுதலாக இருந்தது. எழுதி ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த ஒரு தாள் ஏதோ ஒன்றைச் சொல்லியது.

எனினும் இம்முடிவை அளவோடு புரிந்துகொள்ள வேண்டும். ஆய்வு காட்டியது தொடர்பை; காரணத்தை அன்று. இயல்பிலேயே மலர்ந்த மனம் உடையவர்களின் உடலமைப்பும் வேறாக இருந்திருக்கலாம். மேலும் அனைவரும் ஒரே இறைப்பற்று உடையவர்கள். குறைவாக எழுதிய கன்னியர் பக்தியில் குறைந்தவர்கள் என்று ஆய்வு சொல்லவில்லை. சுருக்கமாக எழுதும் பழக்கம் உள்ளவர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள்.

நன்றிக் குறிப்பேடுகள்

நன்றியை மட்டும் தனியே எடுத்துச் சோதித்தவர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ ஆகிய இரு அமெரிக்க உளவியலாளர்கள். 2003இல் வெளியான அவர்களின் ஆய்வில் மூன்று சோதனைகள் இருந்தன. முதலாவதில் கல்லூரி மாணவர் சிலர் பத்து வாரங்களுக்கு வாரம் ஒருமுறை தாம் நன்றி பாராட்டும் ஐந்து செய்திகள் வரை எழுதினர். சிலர் தம்மை எரிச்சலூட்டியவற்றை எழுதினர். சிலர் பொதுவான நிகழ்ச்சிகளை எழுதினர். நன்றி எழுதியவர்கள் உடல் உபாதைகளைக் குறைவாகக் கூறினர்; கூடுதல் நேரம் உடற்பயிற்சி செய்தனர்.

இரண்டாவது சோதனையில் மாணவர்கள் இரண்டு வாரம் நாள்தோறும் எழுதினர். அதில் மனநிலை உயர்ந்தது. ஆனால் உடல் உபாதைகளில் வேறுபாடு தெரியவில்லை. மூன்றாவது, நரம்பு தசை நோயுள்ளவர்களிடம் 21 நாள் நடந்தது. நன்றி எழுதியவர்களுக்கு உறக்கம் மேம்பட்டது; ஆனால் வலி குறையவில்லை. நன்றி நோயை நீக்கவில்லை, நோயோடு வாழும் நாளை ஓரளவு எளிதாக்கியது என்று இதைச் சுருக்கிக் கூறலாம்.

2015இல் பால் மில்ஸ் குழுவினர் இதயச் செயலிழப்பின் தொடக்க நிலையில் இருந்த 186 பேரை ஆராய்ந்தனர். நன்றியுணர்வு மிகுந்தவர்களிடம் நல்ல உறக்கமும் குறைந்த களைப்பும் காணப்பட்டன. 2024இல் அமெரிக்கச் செவிலியர் ஆய்வில் பங்குபெற்ற சுமார் 49,000 முதிய பெண்களைப் பற்றிய முடிவு வெளிவந்தது. நன்றியுணர்வு மிகுந்த பிரிவினருக்கு இறப்பு இடர் 9 விழுக்காடு குறைவாக இருந்தது. இது சிறிய எண். ஆனால் பொருளற்ற எண் அன்று. நன்றிப் பயிற்சிகளைப் பற்றிய தொகுப்பாய்வுகளிலும் பயன் மிதமானதாகவே தெரிகிறது.

இப்பயன் வரும் வழிகளும் எளியவையே. நன்றியோடு படுப்பவர் கவலைகளைச் சுழற்றிக்கொண்டிராமல் உறங்குகிறார். உடலைக் கொடையாக எண்ணுபவர் அதைப் பேணுகிறார். மருந்தை நேரத்தில் உட்கொள்கிறார். நன்றி சொல்பவரைச் சுற்றி உறவுகள் நிலைக்கின்றன. நோய் வந்தால் கவனிக்க ஆள் இருக்கிறது.

வேலூரில் பால் பிராண்ட்

இவ்வரலாற்றின் ஓர் இயல் தமிழ் மண்ணில் எழுதப்பட்டது. பால் பிராண்ட் 1914இல் மறைப்பணியாளர்களின் மகனாகப் பிறந்தார். 1946இல் அறுவை மருத்துவராக வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிப்போன கைகளைக் கண்ட பிறகு, தொழுநோயாளரின் கைகளைச் சீரமைக்கும் அறுவையில் முன்னோடியானார்.

தொழுநோயில் விரல்கள் தாமே அழுகி உதிர்வதில்லை. வலி தெரியாததால் காயம்பட்டு அழிகின்றன என்பது அவர் நிலைநாட்டிய உண்மை. அறுவை முடிந்து நலமடைந்தவர்களின் விரல்களில் இரவில் காயம் தோன்றிய மர்மத்தை ஆராய்ந்தபோது, உறக்கத்தில் எலிகள் கடித்தது தெரியவந்தது. வலி இல்லாததால் அவர்கள் விழிக்கவில்லை. அதன்பின் வீட்டுக்குச் செல்லும் நோயாளியோடு ஒரு பூனையும் அனுப்பப்பட்டது. வலிக்காகவும் இறைவனுக்கு நன்றி சொல்லலாம் என்று பிராண்ட் பின்னாளில் எழுதியது இந்த அனுபவத்திலிருந்துதான்.

எழுத்தாளர் பிலிப் யான்சியுடன் இணைந்து 1993இல் வெளியிட்ட நூலில், வலியைப் பெருக்கும் காரணிகளாக அச்சம், கோபம், குற்றவுணர்வு, தனிமை, உதவியற்ற நிலை ஆகியவற்றை அவர் விளக்கினார். செல்யேயின் கருத்தையும் எடுத்துக்காட்டி நன்றியின் சிறப்பைப் பேசினார். இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். குற்றவுணர்வும் தனிமையும் வலியைப் பெருக்கும் என்றால், நோயாளியிடம் "உன் குறையால் வந்தது" என்று சொல்பவர் அவர் வலியை மேலும் கூட்டுகிறார்.

தவறான முடிவுகள்

உணர்வுக்கும் உடலுக்கும் தொடர்பு உண்டு என்ற உண்மையிலிருந்து தவறான முடிவுகளும் தோன்றியுள்ளன. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் நோய் என்பதே மனத்தின் மயக்கம் என்று கற்பித்த இயக்கங்கள் எழுந்தன. இதற்கு மாறாக, 1906இல் பாஸ்டன் நகரின் இம்மானுவேல் ஆலயத்தில் குரு எல்வுட் உர்ஸ்டர் தொடங்கிய இயக்கம் முதலில் மருத்துவரின் பரிசோதனை, பின்னரே ஆன்மிக ஆலோசனை என்ற ஒழுங்கைக் கடைப்பிடித்தது.

நம் ஊர்களிலும் படுக்கையில் இருப்பவரிடம், "நீங்கள் துதித்திருந்தால் இது வந்திருக்காது" என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்கள் உண்டு. மாத்திரையை நிறுத்திவிட்டு நன்றி மட்டும் சொல்லும்படி அறிவுறுத்துவோரும் உண்டு. இவை இரண்டுக்கும் கிறித்தவ மரபில் ஆதாரம் இல்லை. பார்வையற்றுப் பிறந்தவரைக் குறித்து, அவரோ பெற்றோரோ செய்த பாவம் காரணமன்று என்று இயேசு மறுத்தார். வயிற்று உபாதை இருந்த திமோத்தேயுவுக்கு அக்கால வழக்கப்படி சிறிது திராட்சை இரசம் பயன்படுத்தும்படி முதல் திமோத்தேயு மடல் கூறுகிறது; நம்பிக்கை போதாது என்று கடிந்துகொள்ளவில்லை. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மனச்சோர்வுக்கும் மருந்து எடுப்பது நன்றிகேடு அன்று. மருந்தும் நன்றிக்குரிய கொடைகளுள் ஒன்று.

நிறைவாக

ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளின் அனுபவத்தைத் தொகுத்தால் சில முடிவுகள் கிடைக்கின்றன. உணர்வுகள் உடலைத் தொடுகின்றன. இதைப் பழைய ஞானிகள் கவனித்தார்கள், புதிய ஆய்வுகள் அளந்தன. நன்றி உறக்கத்திற்கும் உறவுகளுக்கும் மன அமைதிக்கும் உதவுகிறது. அப்பயன் உண்மையானது, ஆனால் மிதமானது. அது மருந்துக்கு மாற்று அன்று. கண்ணீர் நன்றிக்குப் பகையும் அன்று. திருப்பாடல்களில் இரண்டும் அருகருகே உள்ளன.

மாணவர்கள் இதைச் சோதித்துப் பார்க்க விரும்பினால், இஞ்ஞாசியார் காட்டிய வழியில் நாள் முடிவில் இரண்டு மூன்று நன்மைகளை எண்ணிப் பார்க்கலாம். நோயுற்ற ஒருவரைக் காணச் செல்லும்போது அக்குவினாவின் பட்டியலை நினைவில் கொள்ளலாம். அறிவுரையைக் குறைத்து, அருகில் அமர்ந்து, அவர் அழ விரும்பினால் அழவும், உறங்க விரும்பினால் உறங்கவும் விடலாம். நன்றி சொல்ல வேண்டிய கடமையை அவர்மீது சுமத்தாமல், அவருக்கு நன்றி தோன்றக்கூடிய காரணமாக நாம் இருக்க முயலலாம்.